வேகநடை முடிந்ததும் கண் இருட்டுகிறதா? நிறுத்தும் முறையை மாற்றுங்கள்

போன சித்திரையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை நான்கு சுற்று வேகமாக நடந்துவிட்டு, டீக்கடை முன்னால் சட்டென்று நின்றேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டேன். "பிரஷர் ஏறிருச்சு போல, உக்காருங்கண்ணே" என்றார் கடைக்காரத் தம்பி. மருத்துவர் சொன்னது நேர் எதிர்: ஏறவில்லை, இறங்கிவிட்டது. அதன்பிறகு நான் செய்துவரும் முறை இது.

1. கிளம்பும் முன் பிரஷர்

காபி குடிக்கும் முன், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். மேல்கையில் பட்டை சுற்றும் கருவிதான் என் தேர்வு. மணிக்கட்டுக் கருவி கையின் உயரம் கொஞ்சம் மாறினாலே வேறு எண் காட்டும், வாங்காதீர்கள். மேல் எண் 180-ஐயோ கீழ் எண் 110-ஐயோ தொட்டால் அன்று நடை வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

2. வேகம்

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இந்த வேகத்தில் மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்சம் கூடுகிறது. அதைத் தாண்டி மூச்சிரைக்க ஓடினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, கூடியது மறுபடி குறையத் தொடங்கும். நடக்கையில் மேல் எண் ஏறுவது இயல்பு. கண்மாய் மடையை ஏற்றி இறக்குவதுபோல மூளையின் சிறு குழாய்கள் சுருங்கியும் விரிந்தும் வரத்தை ஓரளவு சமன்செய்துகொள்ளும்.

3. நிறுத்துவது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. வேகமாக நடந்தால் அது இரண்டு மடங்குக்கும் மேல் போகலாம். கூடுதலாக வருவதில் பெரும்பங்கு கால் தசைகளுக்கு. அங்கே குழாய்கள் நன்றாக விரிந்து கிடக்கும். அந்த ரத்தத்தை மேலே ஏற்றிவிடுவது ஒவ்வோர் எட்டிலும் இறுகித் தளரும் கெண்டைக்கால் தசை. சட்டென நின்றால் இந்த பம்பு நின்றுபோகிறது, குழாய்களோ விரிந்தபடியே இருக்கின்றன. ரத்தம் காலிலேயே தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து, பிரஷர் சரிகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, இதயம் தள்ளுவதில் ஏறக்குறைய 15 சதவீதத்தைக் கேட்கும் உறுப்பு. சில நொடி குறைந்தாலே கண் இருட்டும்.

அதனால் கடைசி அரைச் சுற்றை ஆற அமர நடங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம், மூச்சு சீராகும்வரை. நடுவில் யாராவது நிறுத்திப் பேசினால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே பேசுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் ரத்தம் தோலுக்கும் போவதால் சரிவு இன்னும் கூடும். நான் ஆறு மணிக்கு முன்பே தொடங்கி, கடைசிச் சுற்று முழுவதையும் மெதுவாகவே நடக்கிறேன்.

அப்படியும் மயக்கம் வந்தால் தரையில் படுத்துக் காலை உயர்த்துங்கள். விழப்போகிறவரைத் தாங்கிப் பிடித்து நிற்க வைப்பதுதான் நம் வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

4. திரும்ப அளப்பது

முடித்த கையோடு அளந்து பயப்பட வேண்டாம். அரை மணி கழித்து அளங்கள். பலருக்குக் காலையில் பார்த்ததைவிடக் குறைவாகவே இருக்கும், அந்தக் குறைவு சில மணி நேரம் நீடிக்கவும் செய்யும். இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

பிறகு சேர்த்தது: ஜிம்மில் எடை தூக்கும்போது தலை விண்ணென்று தெறிக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். மூச்சைப் பிடித்துத் தூக்கினால் பிரஷர் எகிறி, விட்டதும் சரியும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், தண்ணீர்க் குடமானாலும் சரி. தலைவலி அப்படியும் வந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள்.

இன்னொன்று: பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தச் சரிவு அதிகமாக இருக்கலாம். வேளையை மாற்றுவதா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். நின்ற பிறகு இல்லாமல், நடந்துகொண்டிருக்கும்போதே மயக்கம், நெஞ்சுவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல் வந்தால் அது வேறு விஷயம். உடனே 108.