கோணேசர் மலையில் நின்று நீலத் திமிங்கிலம் பார்ப்பது எப்படி

திமிங்கிலம் பார்க்கப் படகு வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் திருகோணமலைக்கு வருகிறார்கள். படகில்லாமலும் பார்க்கலாம். திருக்கோணேச்சரம் நிற்கும் சுவாமிமலை கடலுக்குள் நீண்டு, செங்குத்தாக இறங்குகிறது. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்து கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு வெளியே ஓடுவதால், கரைக்குக் கிட்டவே ஆழம் சடுதியாக நூற்றுக்கணக்கான மீற்றருக்கு இறங்கிவிடும். இலங்கைக் கடலில் நீலத் திமிங்கிலம் தின்பது கூனி இறாலைப் போன்ற சின்னஞ்சிறு இறால் வகைகளை. அவை திரளும் ஆழக்கடல் இங்கே மலையடிக்குக் கிட்டவே இருக்கிறது. உலகில் கரையில் நின்று இந்த உயிரைப் பார்க்க வாய்க்கும் இடங்கள் மிகச் சில.

முதலில் காற்றைப் பாருங்கள், நாட்காட்டியைப் பிறகு பார்க்கலாம். வாடை (வடகிழக்குக் காற்று) ஓய்ந்து கச்சான் (தென்மேற்குக் காற்று) தொடங்குமுன் ஒரு இடைவெளி உண்டு. பங்குனியும் சித்திரையும், அதாவது மார்ச் நடுவிலிருந்து மே நடுப்பகுதி வரை. அந்த நாட்களில் கடல் குளம் போலக் கிடக்கும். தூரத்தில் ஒரு கடற்பறவை தண்ணீரில் இறங்கினால்கூடத் தெரியும். கச்சான் காலத்திலும் திமிங்கிலம் உண்டு, ஆனால் தரையிலிருந்து அடிக்கும் காற்று கரையோரத்தைத் தட்டையாக வைத்துக்கொண்டு வெளிக்கடலை வெள்ளையாக்கிவிடும். ஐப்பசி முதல் தை வரை மாரி. அப்போது திமிங்கிலத்தை மறந்துவிட்டு மார்கழித் திருவெம்பாவை நாட்களில் விடியப் போங்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய கோணமாமலையின் கடலோசை அப்போதுதான் முழுசாகக் காதில் விழும்.

போகும் நாளைத் தீர்மானிக்க ஒரு அளவு: காற்று மணிக்கு 12 கிலோமீற்றரைத் தாண்டினால் அலையுச்சியில் வெள்ளை நுரை தொடங்கும். 15-ஐத் தாண்டினால் பயணத்தை மறுநாளுக்குத் தள்ளுங்கள். கைப்பேசியில் வரும் முன்னறிவிப்போடு, கரைவலை இழுப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணை, இண்டைக்குக் கடல் எப்பிடி?" என்றால் போதும், நாள் முழுவதுக்கும் கணக்குச் சொல்லிவிடுவார்கள்.

காலையா பின்னேரமா என்பது இலகுவான கேள்வியில்லை. மலை கிழக்கைப் பார்க்கிறது. காலையில் கடல் அமைதி, ஆனால் சூரியன் கண்ணுக்கு நேரே. பின்னேரம் வெயில் முதுகுப்பக்கம் விழுவதால் வெளிச்சம் அருமை, ஆனால் கடற்காற்று எழும்பியிருக்கும். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் காலையையே தேருங்கள். கண்கூசும் ஒளிப்பட்டை கடலில் ஒரு கீற்றுத்தான். அதற்கு வலப்பக்கம், தென்கிழக்கே, துறைமுக வாய்க்கு வெளியே உள்ள கடல் தெளிவாகவே இருக்கும். பள்ளத்தாக்கின் பக்கமும் அதுதான். விடிந்த கையோடு மேலே நிற்க வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு பயன் குறையும்.

மேலே போகும் வழி பிரெட்ரிக் கோட்டை வாசலால். உள்ளே திரியும் புள்ளிமான்களுக்குத் தீனி கொடுக்காதீர்கள். சொப்பிங் பையில் உணவு மணம் இருந்தால் பையோடு விழுங்கிவிடும், அது வயிற்றை அடைத்துக் கொல்லும். கோட்டைக்குள் படையினரின் இடங்களையும் கோயில் உட்புறத்தையும் படமெடுக்க வேண்டாம். செருப்பைக் கழற்றித்தான் கோயிலுக்குப் போக வேண்டும். நடுப்பகலில் கல் சுடும், பின்னேரப் பயணமென்றால் நாலு மணிக்குப் பிறகு போங்கள். சிவராத்திரியிலும் வெள்ளிக்கிழமைகளிலும் சனம் நிறையும். அந்த நாட்களில் மதிலோரத்தை அடைத்துக்கொண்டு நிற்பது கும்பிட வந்தவர்களுக்கு இடைஞ்சல். முதலில் கோணேசரையும் மாதுமையாளையும் கும்பிட்டுவிட்டு, கூட்டம் ஒதுங்கிய மதிலோரமாகப் போய் நில்லுங்கள். இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவின் பக்கம் வேலி தாண்டிப் போக வேண்டாம். தாண்டினாலும் கூடுதலாக எதுவும் தெரியாது.

பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீற்றர் முன்வில்லை) போதும். பத்து மடங்குக்கு மேல் கை நடுக்கமே படமாகும். முழங்கையை மதிலில் ஊன்றுங்கள். தூரத்தில் நிற்கும் கப்பலில் கூர்மையைச் சரிசெய்துவிட்டு, பிறகு அந்தச் சக்கரத்தைத் தொடாதீர்கள். வெறும் கடலில் கூர்மை தேடிக்கொண்டே நேரம் போக்குவதுதான் புதியவர்கள் விடும் முதல் பிழை.

இரண்டாவது பிழை, முதுகைத் தேடுவது. தேட வேண்டியது மூச்சை. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு 9 மீற்றர் வரை நேராக எழும், வளர்ந்த தென்னையில் பாதி உயரம். ஆனால் ஐந்து கிலோமீற்றர் தூரத்தில் அது, நீட்டிய கையில் பிடித்த அடிமட்டத்தில் (அளவுகோலில்) ஒரு மில்லிமீற்றர்தான். இந்த ஒரு மில்லிமீற்றருக்குக் கண்ணைப் பழக்க வேண்டும். 100 மீற்றர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 36 கிலோமீற்றர் தள்ளியிருக்கும், ஆகவே தொடுவானத்தோரத்தைத் துருவுவது வீண். தொடுவானக் கோட்டுக்குச் சற்றுக் கீழே தெரியும் கடலை வெறுங்கண்ணால் இடமிருந்து வலமாக மெல்ல வருடுங்கள். சந்தேகம் வந்த இடத்துக்கு மட்டும் பைனாகுலரைத் தூக்குங்கள்.

நுரையா மூச்சா? நுரை கிடையாக விரிந்து கரையும். மூச்சு நிமிர்ந்து எழுந்து, புகைபோல ஒரு கணம் நின்று, காற்றோடு சாயும். பத்திருபது விநாடியில் அதே பக்கத்தில் இன்னொன்று எழும். இரண்டாவது எழவில்லையென்றால் அதை மூச்சாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். தாழ்வாக, புதர்போலப் பரந்து, முன்னோக்கி இடப்பக்கம் சரிந்து வந்தால் அது விந்துத் திமிங்கிலம். அது மரக்கட்டை போல நெடுநேரம் மிதந்து, வாலைத் தூக்கி இறங்கினால் முக்கால் மணிநேரம்கூட வராது. சின்னச் சின்னத் தெறிப்புகள் கூட்டமாக நகர்ந்தால் ஓங்கில்கள் (டொல்பின்கள்). அவற்றில் ஒன்றிரண்டு துள்ளிச் சுழலும்.

படகில் போவதானாலும் மலையில் ஒரு காலை நின்றுவிட்டுப் போங்கள். மூச்சைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் படகோட்டியை அவசரப்படுத்த மாட்டார். கடலில் 100 மீற்றருக்குக் கிட்டப் போகவோ, திமிங்கிலத்தின் முன்னே குறுக்கிடவோ சம்மதிக்காதீர்கள். துரத்தினால் அது மூச்சை முடிக்காமலே ஆழத்துக்கு இறங்கிவிடும்.

மலையில் நிற்கும்போது, நீலத் திமிங்கிலத்தின் வால் எழுந்து மறைந்தவுடன் நேரத்தைப் பாருங்கள். அந்த வால் எழுவது நீர் வழிய மிக மெதுவாக நடக்கும். பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டக்கூட நேரமிருக்கும். பெரும்பாலும் பத்து நிமிடமளவில் திரும்ப வரும், சிலவேளை கால்மணிநேரம் எடுக்கும். இரை தேடும்போது மணிக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் நீந்துவதால், மறைந்த இடத்தையே பார்த்திருக்காமல், அது போய்க்கொண்டிருந்த திசையில் ஒரு கிலோமீற்றர் முன்னே கண்ணை வையுங்கள்.