தேரி மணலிலும் ஆற்று வண்டலிலும் காலணித் தடத்தை வார்த்தெடுக்கும் முறை

குற்றம் நடந்த இடத்தில் தரையில் பதிந்த காலணித் தடத்தை, மாவுக் கலவை ஊற்றி ஒரே ஒரு முறைதான் வார்த்தெடுக்க முடியும். வார்ப்பு பிசகினால் தடமும் போய்விடும் என்பதால், முதலில் படம் எடுக்கும் வேலையைக் குறைவின்றி முடித்துவிட வேண்டும். கேமராவை முக்காலியில் பொருத்தித் தடத்துக்கு நேர்மேலே வைத்து, அளவுகோலைத் தடத்தின் அடிமட்டத்துக்கு இணையான ஆழத்தில் அதன் அருகே பதித்து, டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்து, மூன்று நான்கு திசைகளிலிருந்து ஒளி பாய்ச்சித் தனித்தனிப் படங்கள் எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் மேடு பள்ளம் தெரியாது. குடை பிடித்து நிழல் உண்டாக்கிக்கொள்வது அவசியம்.

ஒரே மாதிரியான ரப்பர் செருப்பை ஊரில் பலரும் அணிகிறார்கள். அளவும் அடிப்பாகக் கோலமும் ஒத்திருந்தால் இன்ன வகைச் செருப்பு என்று மட்டுமே கூற முடியும். இன்ன செருப்புத்தான் என்று சொல்ல உதவுபவை தற்செயலாக ஏற்பட்ட காயங்களே: உடைமுள் ஏறி ஒடிந்த துளை, அறுந்த வார் கழன்றுவிடாமலிருக்க அடிப்பக்கத்தில் குத்திய ஊக்கு, கண்ணாடிச் சில் கிழித்த கீறல். சில மில்லிமீட்டரே உள்ள இந்த அடையாளங்களைச் சிதையாமல் எடுப்பதற்காகத்தான் இத்தனை கவனமும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைவிட, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன் மாவே ஏற்றது. அது கடினமாக இறுகும், நுண்ணிய கோடுகளையும் பிடிக்கும். 1 கிலோ மாவுக்குச் சுமார் 300 மில்லி நீர் சேர்த்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையிலேயே கட்டி இல்லாமல் சில நிமிடங்கள் பிசைந்தால், தோசை மாவுப் பதத்துக்கு வரும். அதைத் தடத்தின்மேல் நேராகக் கொட்டாமல், பக்கத்துத் தரையில் தாழ ஊற்றி, தானாகத் தடத்துக்குள் வழிந்தோடச் செய்ய வேண்டும்.

மண்ணுக்கேற்ப முறை மாறும். திசையன்விளைப் பக்கத்துத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், உலர்ந்த மணல் ஊற்றும் கலவையின் எடைக்கே சரிந்துவிடும். ஆகவே, முடிக்குத் தெளிக்கும் ஹேர் ஸ்பிரேயைத் தடத்துக்கு மேலே காற்றில் தெளித்து, அது மெல்லப் படிந்து உலர்ந்த பிறகே ஊற்ற வேண்டும். தாமிரபரணிக் கரை வண்டலில் நீர் தேங்கிய தடமாயின், நீரை இறைக்க முயலாமல், சுற்றிலும் தடுப்பு வைத்து, உலர் மாவைச் சல்லடையால் தூவிவிட்டு, சற்றுக் கெட்டியான கலவையை மெல்லச் சேர்க்க வேண்டும். தடத்தோடு அழுந்திய சருகைப் பிடுங்கக் கூடாது. பின்னர் விழுந்ததை மட்டுமே எடுக்கலாம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வகை செய்கிறது. ஆனால் ஐப்பசி மழை அவருக்காகக் காத்திருக்காது. முதலில் வரும் காவலர் தடத்தின்மேல் ஓர் அகன்ற சட்டியையாவது, விளிம்பு தடத்தில் படாமல், கவிழ்த்து வைப்பது மிகப் பெரிய உதவி.

வார்ப்பு இறுகும் முன் அதன் முதுகில் வழக்கு எண், தேதி, சுருக்கொப்பம், வடதிசைக் குறி ஆகியவற்றைக் கீறிவிட வேண்டும். இறுகும்போது சூடாகும் வார்ப்பை, அரை மணி நேரமாவது விட்டு, ஓரத்து மண்ணைத் தோண்டித் தளர்த்தி அடியிலிருந்து தூக்க வேண்டும். ஒட்டியுள்ள மண்ணைக் கழுவ வேண்டாம். அது ஆய்வகத்தின் வேலை. இரண்டு நாள் காற்றில் உலர்த்தி, காகிதத்தில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து முத்திரையிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி வார்ப்பைக் கெடுக்கும். அருகிலுள்ள மண் மாதிரியையும், அங்கு நடமாடிய காவலர்களின் காலணித் தடங்களையும் தனித்தனியே சேர்த்து அனுப்ப வேண்டும். சந்தேக நபரிடம் கைப்பற்றிய செருப்பை வார்ப்பின்மேல் பொருத்திப் பார்க்கவே கூடாது. அதைத் தனிப் பொட்டலமாகவே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.