பெங்களூரில் வீடு விற்கிறீர்களா? போனிலேயே நல்ல படம் எடுக்கலாம்

அல்சூர், லிங்கராஜபுரம், முருகேஷ்பாளையா பக்கம் நம்மவர்கள் விற்க நினைக்கும் தனி வீடுகள் பல, 20க்கு 30 அல்லது 30க்கு 40 அடி ஸைட்டில் (மனையில்) கட்டியவை. பக்கத்து வீட்டுச் சுவர் கை எட்டும் தூரத்தில் இருக்கும். அதனால் இந்த வீடுகளைப் படம் எடுப்பதில் முக்கால்வாசி வேலை, வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தைப் பிடிப்பதுதான். போன் கேமராவே போதும்.

1. நேரம் குறியுங்கள்

கிழக்கு பார்த்த வீடு என்றால் முகப்பைக் காலை 8, 9 மணிக்கு எடுத்துவிடுங்கள். முன் ஹாலை அப்போது எடுக்காதீர்கள். தரையில் வெயில் பட்டை பட்டையாக விழுந்து மற்ற இடமெல்லாம் கறுத்துவிடும். 11 மணிக்கு மேல் ஹால் சீராக இருக்கும். மேற்கு பார்த்த வீட்டுக்கு இதைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு பார்த்த முகப்பில் டிசம்பர், ஜனவரியில் நேர் வெயிலே படாது, சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அந்த மாதங்களில் வானம் லேசாக மூடிய நாளில் எடுத்தால் முகப்பும் வானமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்.

நடு ரூமும் கிச்சனும்தான் கஷ்டம். இரண்டு சுவர்களுக்கு நடுவில் உள்ள சந்தில் வெயில் இறங்குவது உச்சிவேளையை ஒட்டித்தான். அவற்றை 11 மணியிலிருந்து 1 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

2. ஒதுக்கி வையுங்கள்

கொடியில் காயும் துணி, கிச்சன் மேடையில் உள்ள டப்பாக்கள், வாசலை மறைக்கும் ஸ்கூட்டர் எல்லாம் போகட்டும். கோலமும் துளசி மாடமும் இருக்கட்டும். சுவரில் உள்ள குடும்பப் படங்களைக் கழற்றிவிடுங்கள், குழந்தைகளின் முகம் ஊரெல்லாம் சுற்ற வேண்டாம்.

3. நிற்கும் இடம், பிடிக்கும் உயரம்

லென்ஸைத் துடைத்து, செட்டிங்ஸில் கிரிட் கோடுகளை ஆன் செய்யுங்கள். போனை அகலவாக்கில், நெஞ்சு உயரத்தில், சுமார் 4 அடியில் பிடியுங்கள். மேலேயோ கீழேயோ சாய்க்காதீர்கள். சாய்த்தால் சுவர்கள் சரிந்து தெரியும். கிச்சனில் மட்டும் கொஞ்சம் உயர்த்துங்கள், மேடை தெரியும். மூலையில் நின்று எதிர் மூலையைப் பார்த்து எடுங்கள்.

ரூம் அடங்கவில்லை என்றதும் பலரும் 0.5க்கு (அகலக் கோண லென்ஸுக்கு) போகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 10க்கு 10 ரூம் படத்தில் கல்யாண மண்டபம் மாதிரி விரியும், ஓரத்தில் உள்ள பீரோ இழுபட்டுக் கோணலாகும். நேரில் வருகிறவர் முகம் சுருங்கும், அங்கேயே விலையும் இறங்கும். 1x-லேயே வையுங்கள். இடம் போதாவிட்டால் வாசற்படிக்கு வெளியே போய், கதவு வழியாக எடுங்கள்.

4. ஜன்னலும் விளக்கும்

ஜன்னலைப் பார்த்து எடுத்தால் ரூம் இருட்டாகும். எச்.டி.ஆர். (இருட்டையும் வெளிச்சத்தையும் சமன்செய்யும் கேமரா வசதி) ஆன் செய்துவிட்டு, ஜன்னலை ஒட்டிய சுவரைத் திரையில் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வெள்ளை ட்யூப்லைட்டும் மஞ்சள் பல்பும் சேர்ந்து எரிந்தால் ஒரே சுவர் இரண்டு நிறத்தில் விழும். பகல் வெளிச்சம் போதுமென்றால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மங்கலான ரூமில் 3 விநாடி டைமர் போட்டால் பட்டனைத் தொடும் அசைவு படத்தில் விழாது.

5. இந்த ஊரில் கேட்பதைக் காட்டுங்கள்

பெங்களூரில் வீடு பார்க்க வருகிறவர் முதலில் தண்ணீரைத்தான் கேட்பார். சம்ப், மொட்டை மாடி டேங்க், காவிரி கனெக்ஷன் மீட்டர், போர்வெல் இருந்தால் அதுவும், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வேண்டும். சோலார் வாட்டர் ஹீட்டரை விட்டுவிடாதீர்கள். கார் நுழையும் அகலம் தெரிய, தெருவோடு சேர்த்து ஒரு படம். மாடிச் சுவரில் ஈரக்கறை இருந்தால் அதை மறைக்கும் கோணத்தைத் தேடாதீர்கள், சரிசெய்து பூசிவிட்டு எடுங்கள்.

6. அனுப்பும்போது

வரிசை முக்கியம்: முகப்பு, ஹால், கிச்சன், படுக்கையறைகள், பாத்ரூம், மாடி, தண்ணீர். வண்டி நம்பரும் காத்தா பத்திரமும் (மாநகராட்சியின் சொத்துப் பதிவு ஆவணம்) எந்தப் படத்திலும் விழக்கூடாது. புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்; சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு போய்விடும்.