அந்துப்பூச்சி தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் தொடங்கியதும், இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு போட்டு அதில் வந்து உட்காரும் அந்துப்பூச்சிகளைக் காண்பதற்காகப் புதிதாகச் சிலர் மலையேறுவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் உண்டு. நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் 1891இல் அந்த மாவட்டத்து அந்துகளுக்கென்றே ஒரு தொகுதி வெளியிட்டார். 1892 முதல் 1896 வரை இந்தியாவின் அந்துகளை நான்கு தொகுதிகளில் விவரித்தார். அவர் விவரித்தவற்றில் பலவற்றை உயிரோடு பார்த்தவர்கள் இன்றும் மிகச் சிலரே. அப்படி ஒன்று நம் துணியில் வந்து உட்காரலாம் என்ற எதிர்பார்ப்புக்காக எத்தனை இரவு வேண்டுமானாலும் விழித்திருக்கலாம்.

ஆனால் புதிதாக வருபவர்கள் ஆண்டுதோறும் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். கொசுவத்தி ஏற்றி வைப்பது, மாற்று பேட்டரியை மறப்பது போன்றவற்றை முதல் இரவே கற்றுக்கொடுத்துவிடும். தானாகத் திருந்தாத தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஜூலைதான் பருவம் என்று நம்புவது

ஜூலை கடைசியில் வரும் தேசிய அந்துப்பூச்சி வாரம் 2012இல் அமெரிக்காவில் தொடங்கியது. அங்கே அது நடுக்கோடை. நமக்கு அது ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் அந்தக் காற்றில் கட்டிய துணி பாய்மரம்போல் அடித்துக்கொள்ளும், ஒரு பூச்சியும் ஒட்டாது. அதே வாரத்தில் மலைக்கு மேலே வால்பாறையில் அடைமழை. மழை விட்ட இரண்டு மணி நேர இடைவெளி கிடைத்தால் அங்கே அருமையான இரவு அமையும், கிடைக்காவிட்டால் இல்லை.

நம் ஊருக்கு மூன்று பருவம் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் முதல் கோடை மழை பெய்து மண் நனைந்த ஒரு வாரம், பத்து நாளில் கூட்டுப்புழுக்களிலிருந்து பூச்சிகள் வெளிவரத் தொடங்கும்; பெரிய பட்டுப்பூச்சிக் குடும்பத்து அந்துகளுக்கு இது முக்கியமான நேரம். மேற்குச் சரிவுகளுக்குத் தென்மேற்குப் பருவமழையின் தொடக்கமும், அது ஓயும் ஆவணி, புரட்டாசியும். கிழக்கே சமவெளிக்கும் கடலோரத்துக்கும் ஐப்பசி, கார்த்திகை. மார்கழியில் ஊட்டியில் உறைபனி விழும் இரவில் துணி கட்டி உட்கார்ந்தால் சளிதான் மிச்சம்.

மாதத்தைவிட அன்றைய இரவு முக்கியம். புழுக்கமாக, காற்றில்லாமல், மேகம் மூடி, மழை வரும்போல் இருக்கிற இரவை விடாதீர்கள். லேசான தூறல் நல்லது. தெளிந்த வானமும் குளிர்ந்த காற்றும் இருந்தால் தூங்கப் போகலாம்.

நிலாவைக் கணக்கில் எடுக்காதது

அமாவாசையை ஒட்டிய ஒரு வாரம் சிறந்தது. விடுமுறை அப்போது அமையாதவர்கள் நாட்காட்டியில் திதியைப் பாருங்கள். வளர்பிறை அஷ்டமியில் நிலா நள்ளிரவு வாக்கில் மறைந்துவிடும், அதற்குப் பிறகு இருட்டு. தேய்பிறை அஷ்டமியில் நள்ளிரவு வாக்கில்தான் எழும், முன்னிரவு முழுக்க உங்களுடையது. பௌர்ணமிக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நிலா ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக எழும் என்பதை வைத்து மற்ற நாள்களைக் கணக்கிடலாம்.

ஊதா நிறத்தில் தெரிவதெல்லாம் புற ஊதா என்று வாங்குவது

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் புற ஊதா டார்ச்சுகளில் பெரும்பாலானவை 395 நானோமீட்டர். நம் கண்ணுக்குப் பளிச்சென்று ஊதாவாகத் தெரியும், பூச்சிகளை இழுப்பதில் சுமார்தான். 365 முதல் 370 நானோமீட்டர் என்று எழுதியிருக்கிற குழல்விளக்கை வாங்குங்கள். நமக்கு மங்கலாகத் தெரியும், அந்துக்கு அதுதான் வெளிச்சம்.

இதைவிட ஆபத்தான தவறு, கிருமி நீக்கும் 254 நானோமீட்டர் குழலை வாங்கிவிடுவது. நிறமற்ற தெளிந்த கண்ணாடியாக இருக்கும். அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றாலே கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் எரியும், தோல் வெந்துபோகும். அதைத் தொடவே தொடாதீர்கள். சரியான விளக்காக இருந்தாலும் வெகுநேரம் பக்கத்தில் இருப்பவர்கள் புற ஊதாவைத் தடுக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

மின்சாரம் உள்ள இடத்தில் சோக் தேவைப்படாத 160 வாட் பாதரச ஆவி விளக்கு இன்னும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது கொதிக்கும். சூடாக இருக்கும்போது மழைத்துளி பட்டால் கண்ணாடி வெடிக்கும், ஆகவே மேலே தகர மூடி வேண்டும். வெளிக்கண்ணாடி உடைந்தும் எரிந்துகொண்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஒருமுறை அணைத்தால் ஆறிய பிறகுதான் மறுபடி பற்றும், அதற்குச் சில நிமிடம் ஆகும்.

துணிக்குப் பழைய நாலு முழ வேட்டியே போதும். பாலியஸ்டர் வேண்டாம், வழுக்கும். அந்துகள் கால் ஊன்ற முடியாமல் கீழே விழுந்து எறும்புக்கு இரையாகும்.

விளக்கை எரியவிட்டுத் தூங்கப் போவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு ஆத்திரம் வரவைக்கும் தவறு இதுதான்.

நடப்பது இப்படி. ஏழு மணிக்கு விளக்கு போடுகிறார்கள். ஒன்பது வரை துணி நிறையச் சின்னஞ்சிறு அந்துகள், வண்டுகள், ஈசல். பத்தரைக்கு வரத்து குறைகிறது. ‘இனி எதுவும் வராது, வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விளக்கை அப்படியே விட்டுவிட்டுப் படுத்து, ஆறரைக்கு வந்து பார்க்கிறார்கள். துணிக்குக் கீழே புல்லில் இளம்பச்சையாக நாலு இறகு கிடக்கும். பின்னிறகுகளில் நீண்ட வால் மடங்காமல் இருக்கும், ஒவ்வோர் இறகிலும் கண்போன்ற புள்ளி தெளிவாகத் தெரியும், உடலை மட்டும் காணோம். அதைப் படமெடுத்து ‘இது என்ன இனம்?’ என்று கேட்பார்கள். நிலா அந்து. அறிவியல் பெயர் ஆக்டியஸ் செலீனே. சில மணி நேரம் முன்னால் உயிரோடு பார்த்திருக்க வேண்டியது.

இந்த ஒரே தவறால் இரண்டு இழப்பு. முதலாவது, நிலா அந்து, அட்லஸ் அந்து போன்ற பெரிய இனங்களின் ஆண்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான் விளக்குக்கு வருகின்றன. பத்தரைக்கு வரத்து குறைவது முன்னிரவுக் கூட்டம் ஓய்வதால். அடுத்த கூட்டம் பன்னிரண்டிலிருந்து மூன்றரைக்குள் வரும். அரிய பூச்சியைத் தேடி வந்தவர் அந்த நேரத்தில் தூங்குகிறார்.

இரண்டாவது இழப்பு பூச்சிக்கு. அந்துகள் விளக்கை விரும்பி வருவதாக நினைக்கிறோம். 2024இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு, பறக்கும் பூச்சிகள் தங்கள் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்புகின்றன என்று அதிவேகக் கேமராவில் படமெடுத்துக் காட்டியது. திறந்த இரவில் வானம்தான் வெளிச்சமான பக்கம், அதனால் நேராகப் பறக்க முடிகிறது. பக்கத்தில் ஒரு விளக்கு வந்துவிட்டால் முதுகை அதன் பக்கம் சாய்த்துச் சாய்த்து அதையே சுற்றுகிறது, விலகிப் போக முடிவதில்லை. நாம் விளக்கை அணைக்கும் வரை அது சிறைதான்.

நிலா அந்துக்கு வளர்ந்த பிறகு உண்ணும் வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது ஒதிய மர இலை போன்றவற்றைத் தின்று சேர்த்த கொழுப்பை வைத்து ஒரு வாரம் வாழும். இணை தேடுவதும் முட்டை இடுவதும் அதற்குள் முடிய வேண்டும். அதில் ஓர் இரவை நாம் எடுத்துக்கொள்கிறோம். விடிந்ததும் மிச்சத்தை பறவைகள் எடுத்துக்கொள்கின்றன. கரிச்சான், சின்னான், மைனா, குண்டுகரிச்சான் எல்லாம் ஒரே காலையில் துணி இருக்கும் இடத்தைக் கற்றுக்கொள்ளும். அடுத்த நாள் வெளிச்சம் வருமுன்னே கிளையில் காத்திருக்கும். பெரிய அந்து சட்டென்று பறந்து தப்பவும் முடியாது. பறப்பதற்குத் தேவையான சூடு வரும் வரை மார்புத் தசையை நடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வெள்ளைத் துணியில் அது நடுங்கி நிற்கும் நேரம் கரிச்சானுக்குப் போதும்.

சரியாகச் செய்யும் முறை இது. ஏழிலிருந்து ஒன்பதரை வரை விளக்கு. அணைத்துவிட்டுப் படுங்கள். பன்னிரண்டுக்கு எழுந்து மறுபடி போடுங்கள். பத்து வாட் விளக்கை 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறத்தாழ ஆறு மணி நேரம் தாங்கும், ஆகவே இப்படிப் பிரித்துக்கொண்டால்தான் பின்னிரவுக்கு மின்சாரம் மிஞ்சும். நாலு மணிக்கு முன்னால் அணைத்தே ஆக வேண்டும். எழுந்திருக்க முடியாதவர்கள் பின்னிரவு விளக்கே போடாதீர்கள்.

அணைத்த பிறகு டார்ச்சும் இல்லாமல் இருபது நிமிடம் இருட்டில் விடுங்கள், பாதிக்கு மேல் தானாகப் பறந்துவிடும். மிச்சமிருப்பவற்றை ஒரு குச்சியிலோ கெட்டி அட்டையிலோ ஏறவைத்து, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி அடர்ந்த புதர்களில் இலைக்கு அடியில் விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே புதரில் கொட்டக் கூடாது, பறவைக்குப் பந்தி வைத்ததுபோல் ஆகிவிடும். துணியின் மறுபக்கம், மடிப்புகள், கட்டிய கயிறு, மூன்று மீட்டர் சுற்றளவில் புல், பக்கத்துச் சுவர் எல்லாம் பார்த்த பிறகே துணியை மடியுங்கள். மடிப்பில் நசுங்கிச் சாகும் சிறு அந்துகள்தான் அதிகம். அதே இடத்தில் அடுத்த இரவே கட்டாமல் மூன்று, நாலு நாள் இடைவெளி விடுங்கள்.

தங்கும் விடுதியின் வெள்ளைச் சுவரில் இரவெல்லாம் எரியும் விளக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. காவலாளியிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அணைத்துவிடுவார்கள்.

விளக்கை மட்டுமே நம்புவது

ஆந்தைக் கண்போன்ற புள்ளியுள்ள பெரிய எரீபஸ், மஞ்சள் பின்னிறகுள்ள யூடோசிமா போன்ற அந்துகளைப் பார்க்க விளக்கைவிட இனிப்பே நல்ல வழி. அரைக் கிலோ நாட்டு வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஆறவிட்டு, கறுத்த வாழைப்பழம் நாலைப் பிசைந்து, கால் லிட்டர் பீர் சேர்த்து இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். மூடியை இறுக்கினால் பாட்டில் வெடிக்கும். பொழுது சாயும் நேரத்தில் பத்துப் பன்னிரண்டு மரத்தில் நெஞ்சுயரத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தடவி, அரை மணிக்கு ஒருமுறை சிவப்பு டார்ச்சோடு மெதுவாக நடந்து பாருங்கள். எறும்பு ஏறும் மரத்தை விட்டுவிடுங்கள். யூடோசிமாவின் புழு சீந்தில் கொடியில் வளரும். சீந்தில் படர்ந்த வேலியும் பக்கத்தில் கொய்யாத் தோப்பும் இருந்தால் அதுவே நல்ல இடம்.

முன்னிறகை மட்டும் படமெடுப்பது

பல இனங்களைப் பிரித்துச் சொல்ல பின்னிறகு வேண்டும். விரலால் விரிக்காதீர்கள். பறக்கும் முன் நடுங்கும்போது தானே காட்டும், அப்போது எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உணர்கொம்பு தெரிய ஒன்று. பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல். துணியில் எடுத்தால் எல்லாம் நீலமாக விழும், இலையிலோ மரப்பட்டையிலோ ஏறவைத்து ஃபிளாஷில் எடுத்தால் நிறம் சரியாக வரும்.

இடம், உயரம், விளக்கு வகை, வந்த மணி எல்லாம் அங்கேயே எழுதுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு தேதி மாறுவதால் ‘14-15 இரவு’ என்று எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

பெயருக்கு அவசரப்படுவது

படத்தை வைத்து இனத்தின் பெயர் சொல்லும் செயலி சொன்னதை அப்படியே எழுதாதீர்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள அட்லஸ் அந்து அட்டாகஸ் டாப்ரபானிஸ். பலர் வடகிழக்கின் அட்டாகஸ் அட்லஸ் என்றே பதிகிறார்கள். தெரியாவிட்டால் பேரினத்தோடு, அதாவது அட்டாகஸ் என்ற முதல் சொல்லோடு, நிறுத்துங்கள்.

கழுத்தில் ஏறும் வண்டை நசுக்குவது

விளக்குக்கு வரும் பேடரஸ் வண்டு ஒரு சென்டிமீட்டருக்குள் ஒல்லியாக, செம்மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். கடிக்காது. நசுக்கினால் அதன் உடல்நீர் பட்ட இடம் ஓரிரு நாளில் கொப்பளிக்கும். ஊதித் தள்ளிவிட்டு, சோப்பால் கழுவுங்கள்.

அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் துணி கட்டுவது

குற்றம். யானையும் வரும்.

மாசி, பங்குனியில் வீட்டில் இருந்துவிடுவது

இலை உதிர்ந்த காட்டில் அந்துகளின் கூட்டுப்புழுக் கூடு தேட இதைவிட நல்ல நேரம் இல்லை. மருத மரத்தில் டசர் பட்டுப்பூச்சியின் கூடு கெட்டியான காம்போடு முட்டைபோல் தொங்கும். முந்திரித் தோப்பில் கிரிகுலா அந்தின் கூடு பொன்வலைபோல் கொத்தாக இருக்கும். பீமரத்தின் அடிமரத்தில் எலிக்மா அந்தின் கூடு பட்டை நிறத்திலேயே ஒட்டியிருக்கும், தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

பறித்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். டசர் கூட்டின் காம்புப் பக்கம் பெரிய ஓட்டை இருந்தால் பூச்சி வெளியேறிவிட்டது. பக்கத்தில் பொடித் துளைகள் இருந்தால் ஒட்டுண்ணிக் குளவி தின்று முடித்துவிட்டது. ஓட்டையே இல்லாமல், லேசாகத் தொட்டால் கனமாக இருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. அந்த மரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு முதல் கோடை மழைக்குப் பிறகு அங்கே போய்ப் பாருங்கள்.