ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கும் முன் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பாருங்கள்

போன வாரம் அக்கா மகன் ஃபோன் செய்தான். புது வீடு, பெயின்ட் வேலை முடிந்துவிட்டது, அடுத்த மாதம் பால் காய்ச்சுகிறார்கள். அலெக்ஸா ஸ்பீக்கர் இரண்டும் ஸ்மார்ட் சுவிட்ச் பன்னிரண்டும் தள்ளுபடியில் வாங்கி வைத்திருக்கிறான். "நீங்க வந்து மாட்டிக் குடுங்க மாமா" என்றான். "எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் வருதா?" என்று கேட்டேன். "அப்படின்னா?" என்றான். சில வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் கேட்டேன்.

வைஃபை பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பது, புளூடூத்தை ஆன் செய்ய மறப்பது போன்றவற்றை ஆப்பே சொல்லிவிடும். அது சொல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

நியூட்ரல் இல்லாத பெட்டியில் ஸ்மார்ட் சுவிட்ச்

மின்சாரம் ஃபேஸ் வயரில் வந்து நியூட்ரல் வயரில் திரும்பும். சாதாரண சுவிட்சுக்கு நியூட்ரல் தேவையில்லை. ஃபேஸ் வயர் சுவிட்சுக்கு வந்து அங்கிருந்து லைட்டுக்குப் போகும். நியூட்ரல் சுவிட்ச் பக்கமே வராமல் நேராக லைட்டுக்குப் போய்விடும். ஸ்மார்ட் சுவிட்சுக்குள் ஒரு சின்ன வைஃபை சர்க்யூட் இருக்கிறது. லைட் அணைந்திருக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருந்தால்தான் ஸ்பீக்கர் அனுப்பும் கட்டளை போய்ச் சேரும். அதற்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் வேண்டும்.

நம் ஊர் வீடுகளில் இது எளிதில் ஏமாற்றிவிடும். ஹால், படுக்கையறை போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயின்ட்டும் சேர்ந்தே இருக்கும். பிளக் இருந்தால் நியூட்ரலும் இருக்கும். அதனால் முதல் சுவிட்ச் ஐந்து நிமிடத்தில் வேலை செய்துவிடும். மாடிப்படி, போர்டிகோ, பாத்ரூம் வாசல் போர்டுகளில் லைட் சுவிட்ச் மட்டும்தான். அங்கே ஃபேஸும் லைட்டுக்குத் திரும்பும் வயரும் தவிர வேறொன்றும் இல்லாமல் போவது சகஜம்.

எனக்கும் ஹாலில் உடனே வேலை செய்தது. அந்த உற்சாகத்தில் மீதி டப்பாக்களையெல்லாம் பிரித்துவிட்டேன். பிறகு பார்த்தால் நான்கு பெட்டிகளில் நியூட்ரல் இல்லை. பிரித்த பொருளைத் திருப்பித் தரவும் முடியவில்லை. வந்த எலக்ட்ரீஷியன், "பச்சை எர்த் வயர் சும்மாதானே சார் இருக்கு, அதையே நியூட்ரலா குடுத்துடலாம்" என்றார். கொடுத்தார். நான்கு சுவிட்சும் அலெக்ஸாவில் சேர்ந்துகொண்டன.

அன்று ராத்திரி வீடு முழுக்க இருட்டு. மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி ட்ரிப் ஆகியிருந்தது. தூக்கிவிட்டால் ஒரு மணி நேரம் நிற்கும், மறுபடி விழும். ஃபேஸில் போகும் கரன்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. வீடுகளில் பொதுவாக மாட்டும் வகை, வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் துண்டித்துவிடும். ஒவ்வொரு ஸ்மார்ட் சுவிட்சும் தனக்கு வேண்டிய சில மில்லி ஆம்பியரை எர்த் வழியே திருப்பிக்கொண்டிருந்தது. நான்கு சேர்ந்து, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினின் இயல்பான கசிவும் கூடியதும் விழ ஆரம்பித்தது. அதே எலக்ட்ரீஷியன் திரும்ப வந்து, "ஆர்சிசிபி வீக் ஆயிடுச்சு சார், பைபாஸ் பண்ணிடலாம்" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. எர்த் வயர் எங்காவது அறுந்திருந்தால், அந்த சுவிட்சுகள் வழியாக வரும் மின்சாரம் கீசர், ஃபிரிட்ஜ் என்று எல்லா உலோக உடம்பிலும் ஏறி நிற்கும். அதைத் தொடும் குழந்தையைக் காப்பாற்ற வேண்டிய கருவியைத்தான் அவர் எடுக்கச் சொன்னார்.

வேறு ஆளை வைத்துப் புது நியூட்ரல் இழுத்தோம். மாடிப்படி பைப்பில் சிமென்ட் அடைத்திருந்ததால், பெயின்ட் அடித்த சுவரை உடைக்க வேண்டியதாயிற்று. சுவிட்சுகளின் விலையைவிட அந்தச் செலவு அதிகம்.

அதனால் வாங்கும் முன் மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு பெட்டியையும் எலக்ட்ரீஷியனைத் திறக்கச் சொல்லுங்கள். கறுப்பு வயர் இருக்கிறதா, அது டிபி பாக்ஸில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) நியூட்ரல் பட்டையில்தான் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். டெஸ்டரை நம்ப வேண்டாம். நியூட்ரலிலும் அது எரியாது, எர்த்திலும் எரியாது. பூச்சு வேலைக்கு முன் என்றால் எல்லாப் பெட்டிக்கும் ஒரு நியூட்ரல் இழுக்கச் சொல்லிவிடுங்கள், பெட்டியையும் கொஞ்சம் ஆழமானதாக வையுங்கள். நியூட்ரல் வேண்டாத சுவிட்சும் கிடைக்கிறது. அது லைட் வழியாகவே கொஞ்சம் கரன்ட் எடுப்பதால், சின்ன எல்இடி பல்புகள் அணைத்த பிறகும் மினுக்கும். கூடவே வரும் கெப்பாசிட்டரை லைட் பக்கம் மாட்டச் சொல்லுங்கள்.

கீசருக்கு 10 ஆம்பியர் பிளக்

3000 வாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும், 10 ஆம்பியர் பிளக் தாங்காது. 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கே வாங்குங்கள்.

ரவுட்டர்

பல்பு, பிளக் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். ரவுட்டர் இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் கொடுத்து, இணைப்பு பாதியில் நின்றால், 5 கிகாஹெர்ட்ஸைப் பத்து நிமிடம் அணைத்துவிட்டு இணையுங்கள். அப்புறம் ஆன் செய்துகொள்ளலாம். பிராட்பேண்ட் மாற்றினால் புது ரவுட்டருக்கும் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே வையுங்கள். எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

"அலெக்ஸாவுடன் வேலை செய்யும்"

டப்பாவில் இப்படிப் போட்டிருந்தால் மட்டும் போதாது. வைஃபைக்குப் பதில் வேறு வயர்லெஸ்ஸில் பேசும் சிக்பீ வகைக்கு, நடுவில் நின்று இணைக்கும் ஹப் வேண்டும். 2020இல் வந்த நான்காம் தலைமுறை எக்கோ ஸ்பீக்கருக்குள் அது இருக்கிறது, சாதாரண எக்கோ டாட்டில் இல்லை. எல்லா நிறுவனப் பொருட்களும் ஒன்றோடொன்று சேர்வதற்காக 2022இல் வந்த மேட்டர் முத்திரை இருந்தாலும், உள்ளே வைஃபையா, த்ரெட் என்ற வேறு வயர்லெஸ்ஸா என்று பாருங்கள். த்ரெட் என்றால், அதை வீட்டு வைஃபையோடு இணைக்கும் பார்டர் ரவுட்டர் உள்ள ஸ்பீக்கரோ ஹப்போ வேண்டும்.

பிஎல்டிசி ஃபேன்

ரிமோட்டில் வேகம் மாற்றும் இந்த மின்சிக்கன ஃபேனுக்கு ரெகுலேட்டரோ டிம்மரோ வழியாகக் கரன்ட் கொடுக்காதீர்கள்.

கரன்ட் போய் வந்தால்

பல ஸ்மார்ட் பல்புகள் கரன்ட் திரும்பியதும் தானாக எரியும், ராத்திரி மூன்று மணியானாலும். பழைய நிலைக்கே திரும்பும்படி ஆப்பில் மாற்றலாம்.

கணக்கு யார் பேரில்?

மாட்ட வருபவரின் ஃபோனில் வேண்டாம். வீட்டுக்காரரின் நம்பரிலேயே தொடங்குங்கள். கேமராவும் பூட்டும் இருந்தால் கட்டாயம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீட்டுப் போர்டுகளைத் திறந்து பார்த்தோம். பன்னிரண்டில் மூன்றுக்கு நியூட்ரல் இல்லை. டப்பாவை இன்னும் பிரிக்காததால் அந்த மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டான்.