வெரோனாவில் ஒரு மாலை: சதுக்கங்களும் ஒயின் கடைகளுமாக நடப்பது எப்படி?

இத்தாலியின் வெரோனாவுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஷேக்ஸ்பியர் நாடகத்து ஜூலியட் வீட்டு மாடத்தின் கீழே ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் வெனிஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த மாடமே 20ஆம் நூற்றாண்டில் சேர்த்து வைத்தது. பகல் கூட்டம் கலைந்து, ஆறு மணி வாக்கில் ஊர்க்காரர்கள் வெளியே வரும்போதுதான் வெரோனா எனக்குப் பிடித்த ஊராகிறது. ஒரு சதுக்கம், ஒரு கிளாஸ், கொஞ்சம் நடை, அடுத்த சதுக்கம் என்று அவர்கள் பொழுதைக் கழிக்கும் விதத்தை முதல்முறை போகிறவரும் எளிதாகப் பின்பற்றலாம். மொத்த நடை இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

ரயில் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. போர்த்தா நுவோவா ஸ்டேஷனில் இறங்கி, அகலமான நேர்ச்சாலையில் இருபது நிமிடம் நடந்தால் ஊர் வாசலுக்கு வந்துவிடலாம்.

முதலில் நேரம்

இந்த நடையைச் சூரியன்தான் தீர்மானிக்கிறது. ஜூன் கடைசியில் அஸ்தமனம் இரவு ஒன்பது மணியை ஒட்டி, டிசம்பரிலோ மாலை நாலரைக்கே. பியாட்சா எர்பேயை (பியாட்சா என்றால் சதுக்கம்) வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், ஆற்றுப் பாலத்துக்கு இருட்டும் நேரத்தில் போக வேண்டும். ஆகவே அஸ்தமனத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். குளிர்காலத்தில் இந்தக் கணக்கு ஒத்துவராது. அப்போது ஐந்தரைக்குத் தொடங்கி, விளக்கொளியிலேயே பாருங்கள். ஒயின் கடைகளில் ஆறு முதல் எட்டு வரை சாப்பாட்டுக்கு முந்தைய நேரம், அதாவது அப்பெரித்தீவோ. இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்படி பெரும்பாலும் ஏழரைக்குத்தான் திறக்கும்.

கையில் என்ன வேண்டும்

ரப்பர் அடி வைத்த ஷூ போதும், வேறு எதுவும் வேண்டாம். நடுநகரத் தெருக்களில் இளஞ்சிவப்புக் கல் பதித்திருக்கிறார்கள். மழை பெய்தால் நன்றாக வழுக்கும். அந்தக் கற்களைக் குனிந்து பாருங்கள். சுருள் சுருளாகத் தெரிவது அம்மோனைட் எனும் கடல் உயிரியின் புதைபடிவம். பக்கத்து மலைகளில் வெட்டிய ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக் கல் இது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்ததன் தடயத்தின் மேல்தான் எல்லோரும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

போன் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எர்பேயிலிருந்து ஆறு வரையான சந்துகளுக்கு, சுற்றுலா அலுவலகத்தில் கிடைக்கும் காகித வரைபடத்தையே நான் விரும்புவேன். போனைப் பார்த்து நடந்தால் தலைக்கு மேலே இருக்கும் சுவரோவியங்கள் தவறிப்போகும். தண்ணீர்க் குப்பி ஒன்று இருந்தால் தெருக் குழாய்களில் நிரப்பிக்கொள்ளலாம். 'நொன் பொதாபிலே' என்று எழுதியிருந்தால் மட்டும் அந்தத் தண்ணீர் குடிக்கத் தகாதது.

படி 1: பியாட்சா ப்ரா

கடிகாரம் வைத்த இரட்டை வளைவு வாசலில் நுழைந்ததும் பெரிய சதுக்கம், எதிரே அரேனா. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர்கள் கட்டிய அரங்கம். 1117ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வெளிச்சுற்று ஏறக்குறைய முழுதும் சரிந்துவிட்டது. ஒரு பக்கம் நான்கு வளைவு அகலத்துக்கு மட்டும் உயர்ந்து நிற்கிறதே, அதுதான் மிச்சம். அந்தத் துண்டைப் பார்த்தால்தான் முழு அரங்கம் எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்பது புரியும்.

சதுக்கத்தின் ஓரமாக ஓடும் அகலமான கல் நடைபாதைக்கு லிஸ்தோன் என்று பெயர். மாலையில் ஊரே அங்கே உலாத்தும். நீங்களும் ஒரு நடை நடந்து பாருங்கள். உட்கார வேண்டாம், முதல் கிளாஸ் இங்கே வேண்டாம்.

படி 2: வியா மாட்சீனி

வண்டிகள் வராத கடைத்தெரு. அடுத்த சதுக்கத்துக்கு நேராகக் கொண்டுபோய் விடும். துணிக்கடை பார்க்கிறவர்கள் பார்க்கலாம்.

படி 3: பியாட்சா எர்பே

ரோமானியர் காலத்து ஃபோரம், அதாவது ஊர்ப் பொதுச் சதுக்கம், இருந்த இடம், பின்னாளில் காய்கறிச் சந்தை. நீண்டு ஒடுங்கிய சதுக்கம். நடுவில் 1368இல் அமைத்த நீரூற்று. அதன் மேல் நிற்கும் பெண் சிலை அதைவிடப் பழையது, ரோமானியச் சிலை. ஒரு கோடியில் சிறகு விரித்த சிங்கம் தூண்மேல் நிற்கிறது. வெனிஸ் இந்த ஊரை ஆண்டதன் அடையாளம் அது. மாட்சாந்தி வீடுகளின் சுவரோவியங்கள் மேல் சாய்வெயில் விழும் நேரத்தில் வந்தால் நல்லது. 84 மீட்டர் உயர லாம்பெர்த்தி கோபுரமும் இங்கேதான். ஏறுவதானால் கிளாஸைத் தொடும் முன்பே ஏறிவிடுங்கள்.

முதல் கிளாஸுக்குச் சதுக்கத்தின் நடுவே மேசை தேடாதீர்கள். அந்தக் காட்சிக்குத்தான் அங்கே விலை. பக்கச் சந்து ஒன்றில் திரும்பி, வாசலில் ஆட்கள் கிளாஸோடு நின்று பேசிக்கொண்டிருக்கும் கடையாகப் பார்த்து நுழையுங்கள்.

படி 4: ஒஸ்தேரியாவுக்குள் முதல் இரண்டு நிமிடம்

ஒஸ்தேரியா என்றால் கொறிக்கவும் ஏதாவது தரும் எளிய ஒயின் கடை. புதிதாகப் போகிறவர்கள் தயங்கி வெளியே திரும்பிவிடும் இடம் இதுதான். ஆகவே மெதுவாகச் சொல்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் 'ப்வோனசேரா' (மாலை வணக்கம்) என்று குரல் கொடுங்கள். இது முக்கியம். சொல்லாமல் நிற்பவரை யாரும் விரட்ட மாட்டார்கள், கவனிக்கவும் மாட்டார்கள். யாராவது வந்து இடம் காட்டுவார்கள் என்று வாசலில் காத்திருக்காமல் நேராகக் கவுண்டருக்குப் போய்விடுங்கள். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யார் முதலில் வந்தது என்பது கவுண்டருக்குப் பின்னால் நிற்பவருக்குத் தெரியும். அவர் உங்களைப் பார்க்கும்வரை நின்றால் போதும்.

சுவரில் கரும்பலகை இருக்கும். 'காலிச்சே' என்ற சொல்லுக்குக் கீழே இருப்பவைதான் கிளாஸ் கணக்கில் கிடைப்பவை. பெயர், தயாரித்தவர், ஆண்டு, விலை என்று எழுதியிருக்கும். ஒன்றும் பிடிபடவில்லை என்றால் இரண்டு வாக்கியம் போதும். 'ஊன் பியான்கோ செக்கோ' என்றால் இனிப்பில்லாத வெள்ளை. 'ஊன் ரோஸ்ஸோ லெஜ்ஜேரோ' என்றால் கனமில்லாத சிவப்பு. கடைசியில் 'பெர் ஃபவோரே' (தயவுசெய்து) சேர்த்துக்கொள்ளுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கொறிக்க வைத்திருப்பதை விரலால் காட்டிக் கேட்கலாம். பாதி முட்டை மேல் நெத்திலி, ரொட்டித் துண்டில் கருவாட்டு விழுது, பொரித்த பொலெந்தா (மக்காச்சோள மாவுக் களி), மோந்தே வெரோனேசே பாலாடைக்கட்டி இவையெல்லாம் கிடைக்கும்.

காசு எப்போது கொடுப்பது? தனியாகக் கல்லாப்பெட்டியும் அதற்கு ஓர் ஆளும் இருந்தால் முதலில் அங்கே கட்டிவிட்டு ரசீதோடு கவுண்டருக்கு வர வேண்டும். காப்பிக் கடைகளில் இது சகஜம். அப்படி ஆள் இல்லாவிட்டால் குடித்துவிட்டுக் கிளம்பும்போது 'க்வான்தோ தேவோ?' (எவ்வளவு தர வேண்டும்?) என்று கேட்டுக் கட்டலாம். ஒஸ்தேரியாக்களில் பெரும்பாலும் இதுதான். மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 'கொப்பெர்தோ' என்று தலைக்கு ஒரு தொகை பில்லில் சேரும். அது ஏமாற்று அல்ல, அங்கே வழக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை.

என் கட்சி: நின்றே குடியுங்கள். உட்கார்ந்தால் அந்த இடத்திலேயே இரவு முடிந்துவிடும்.

எந்த ஒயினிலிருந்து தொடங்குவது

மெலிதிலிருந்து கனத்துக்கு. இந்த வரிசையை மாற்றினால் பின்னால் வருவதெல்லாம் தண்ணீராகத் தெரியும். முதலில் ஸோவாவே. ஊருக்குக் கிழக்கே உள்ள குன்றுகளில் விளையும் கார்கானேகா திராட்சையின் வெள்ளை ஒயின். அடுத்து சாதாரண வால்பொலிச்செல்லா, கொர்வீனா திராட்சை முதன்மையாகச் சேர்ந்த சிவப்பு. கடைசியாக அமரோனே.

அமரோனேயைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அறுவடை செய்த குலைகளைக் காற்றோட்டமான பரண்களில் மூன்று நான்கு மாதம் உலர விடுகிறார்கள். நீர் வற்றி இனிப்பு செறிந்த பிறகுதான் பிழிவது. அந்த இனிப்பு முழுதும் நொதித்து ஆல்கஹால் ஆவதால் 15, 16 சதவீதம்வரை சர்வசாதாரணமாகப் போகும். விலையும் சாதாரண வால்பொலிச்செல்லாவைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். இவ்வளவு உழைப்பும் காத்திருப்பும் அதில் இருப்பதால் எனக்கு அந்த விலை நியாயமாகவே படுகிறது. ஆனால் ஒரு சிறு கிளாஸ், அதுவும் வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்ட பிறகுதான். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ரிப்பாஸ்ஸோ. அமரோனே எடுத்தபின் எஞ்சிய தோல் சக்கையில் வால்பொலிச்செல்லாவை மறுபடி நொதிக்க விடுவது. ஒன்றே ஒன்றுதான் குடிக்க முடியும் என்பவர்களுக்கு என் சிபாரிசு ரிப்பாஸ்ஸோ.

படி 5: எலும்பு வளைவும் கல்லறைகளும்

எர்பேயிலிருந்து வளைவு ஒன்றின் வழியாகப் பக்கத்துச் சதுக்கத்துக்குப் போகும்போது தலையை நிமிர்த்துங்கள். திமிங்கிலத்தின் விலா எலும்பு தொங்குகிறது. ஒரு பொய்யும் சொல்லாத மனிதர் கீழே நடந்தால் அது விழும் என்பது ஊர்க்கதை. இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

உள்ளே பியாட்சா தேய் சிஞ்ஞோரி. நடுவில் 1865இல் வைத்த தாந்தே சிலை. ஃபிளாரன்ஸ் துரத்திய அந்தக் கவிஞருக்கு அப்போது வெரோனாவை ஆண்ட ஸ்காலிஜேரி குடும்பம் அடைக்கலம் தந்தது. அதே குடும்பத்தின் கல்லறைகள் இரண்டு நிமிட நடையில் இருக்கின்றன. 1329இல் இறந்த கான்கிராந்தே தேவாலய வாசலுக்கு மேலேயே கிடக்கிறார். உச்சியில் குதிரைமேல் இருக்கும் சிலை நகல், அசல் காஸ்தெல்வெக்கியோ அருங்காட்சியகத்தில். சுற்றியுள்ள இரும்பு வேலியை நெருங்கிப் பாருங்கள். சின்னச் சின்ன ஏணிகள். குடும்பச் சின்னமே ஏணிதான். வேலி மூடியிருந்தாலும் தெருவிலிருந்தே எல்லாம் தெரியும்.

படி 6: சொத்தோரீவா வழியாகப் பாலம்வரை

அங்கிருந்து ஆற்றுப் பக்கமாக இறங்கினால் சொத்தோரீவா தெரு. ஒரு பக்கம் தூண் தாழ்வாரம், அதன் நிழலில் பழைய ஒஸ்தேரியாக்கள். இரண்டாவது கிளாஸுக்கு இதைவிட நல்ல இடத்தை நான் சொல்ல மாட்டேன். தெருவின் முடிவில் சாந்தா அனாஸ்தாசியா தேவாலயம். அதைத் தாண்டிப் போனால் போந்தே பியெத்ரா.

அதீஜே ஆற்றின் மேல் ரோமானியர்கள் கட்டிய பாலம். 1945 ஏப்ரலில், பின்வாங்கிய ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்தது. போருக்குப் பிறகு ஆற்றுப் படுகையிலிருந்து கற்களை மீட்டெடுத்து, 1959க்குள் பழையபடி கட்டி முடித்தார்கள். வெள்ளைக் கல் வளைவுகள் ரோமானியப் பகுதி, செங்கல் வளைவுகள் பிற்காலத்தவை. இரண்டும் ஒட்டும் இடத்தைப் பாலத்தின் மேல் நின்றால் பார்க்க முடியாது, ஆற்றங்கரையிலிருந்து பாருங்கள்.

பிற்சேர்க்கை: வாசகர் கேள்விகள்

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். பாலாடைக்கட்டி, காய்கறி ஊறல், பொலெந்தா, கிளறிய அரிசிச் சோறான ரிசோத்தோ எல்லாம் உண்டு. ஆனால் கேட்காமல் வாங்காதீர்கள். பீன்ஸ் சூப்பில் பன்றிக் கொழுப்பும் ரிசோத்தோவில் இறைச்சிச் சாறும் இருக்கக்கூடும். 'சேன்சா கார்னே, சேன்சா பேஷே' என்றால் இறைச்சி, மீன் இல்லாமல். அசைவர்களுக்கும் ஒரு தகவல்: 'கவால்லோ' என்று எழுதியிருந்தால் அது குதிரை இறைச்சி. இந்த ஊரின் பழைய சமையல்.

மது குடிக்காதவர்கள் 'அனால்கோலிகோ' என்று கேட்டால் ஆரஞ்சு நிறத்தில் கசப்பும் இனிப்பும் கலந்த பானம் வரும். அதே கிளாஸ், அதே கவுண்டர், அதே மரியாதை.

வாடகைக் காரில் வருபவர் ஒருவர் கேட்டிருந்தார். பழைய நகருக்குள் அனுமதியில்லாத வண்டிகளுக்குத் தடை உண்டு, கேமரா எண்பலகையைப் படித்துவிடும். காரை வெளியே நிறுத்துங்கள். குடித்த இரவில் அதை எடுக்கவே வேண்டாம். இத்தாலியில் பொதுவான வரம்பு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம், இந்த நடையில் அது எளிதாகத் தாண்டிவிடும்.

கோடையில் போகிறவர்களுக்கு: 1913இல் 'அயிதா'வோடு தொடங்கிய அரேனா ஓபரா விழா ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம்வரை நடக்கும். நிகழ்ச்சி உள்ள இரவுகளில் ப்ரா சதுக்கம் நெரியும். அன்று பாலத்திலிருந்து தொடங்கி ப்ராவை நோக்கித் தலைகீழாக நடங்கள், கூட்டம் அரங்குக்குள் போனபிறகு சதுக்கம் காலியாகக் கிடைக்கும். ஏப்ரலில் வினித்தாலி ஒயின் கண்காட்சி நாட்களில் அறையும் கிடைக்காது, கவுண்டரில் நிற்க இடமும் கிடைக்காது. அந்த வாரத்தைத் தவிர்த்து டிக்கெட் போடுங்கள்.