பஞ்ச் கார்டு சேகரிக்க ஆரம்பிப்பது எப்படி?

பஞ்ச் கார்டு என்றால், அந்தக் காலக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராமையும் தகவலையும் ஓட்டை போட்டுக் கொடுத்த அட்டை. திருநெல்வேலியில் இருந்துகொண்டு அதற்கு எங்கே போவது? கம்ப்யூட்டர் இருந்த இடத்தைத் தேடாதீர்கள்; அதில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களைத் தேடுங்கள். பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனிப் பக்கம் ஓய்வுபெற்ற இன்ஜினியர்களும் பேராசிரியர்களும் நிறைய. எனக்கு முதல் கார்டு அப்படி ஒரு சார் வீட்டில், பழைய கணக்குப் புத்தகத்துக்குள் கிடைத்தது. பின்பக்கம் பென்சிலில் ‘உளுந்து 2 கிலோ’ என்று மளிகைச் சிட்டை.

அடுத்து, பழைய பேப்பர் கடை. வாயால் சொன்னால் புரியாது. ஒரு கார்டைக் கையோடு கொண்டுபோய், “அண்ணாச்சி, இந்த மாதிரி வந்தா எடுத்து வைங்க” என்று காட்டிவிட்டு வாருங்கள். நான் காட்டாமல் சொல்லிவிட்டு வந்தேன். அவர் பத்திரமாக எடுத்து வைத்தது ஜக்கார்டு அட்டை, அதாவது துணியில் டிசைன் விழுவதற்காக ஓட்டை போட்டுத் தறியில் கட்டும் அட்டை! கம்ப்யூட்டர் கார்டுக்கு அது பாட்டன் முறை ஆயிற்றே, அதையும் விடவில்லை.

சரி, எது அசல்? 1928-ல் ஐபிஎம் கம்பெனி கொண்டுவந்த அளவுதான் பரவலானது: நீளம் சுமார் 18.7 செ.மீ., அகலம் 8.3 செ.மீ., நீள்சதுர ஓட்டைகள், மேலிருந்து கீழாக 80 பத்திகள், குறுக்காக 12 வரிசைகள். பெரும்பாலும் ஒரு மூலை வெட்டியிருக்கும். சிறியதாக, வட்ட ஓட்டையோடு இருந்தால் 1969-ல் வந்த 96 பத்திக் கார்டாக இருக்கலாம். அதை விட்டுவிடாதீர்கள்.

கார்டின் மேல் விளிம்பில் எழுத்து அச்சாகியிருந்தால் படிக்கும் வேலை சுலபம். இல்லாவிட்டால் ஓட்டைகளைப் பார்த்து நீங்களே படிக்கலாம். 80 பத்திக் கார்டில் உச்சியில் எண் அச்சிடாத இரண்டு வரிசைகள் 12, 11. அவற்றுக்குக் கீழே 0 முதல் 9 வரை. ஒரு பத்தியில் ஒரே ஓட்டை 0 முதல் 9-க்குள் இருந்தால் அது எண். இரண்டு ஓட்டை என்றால் பெரும்பாலும் ஆங்கில எழுத்து: 12-உடன் 1 சேர்ந்தால் ஏ, 11-உடன் 1 சேர்ந்தால் ஜே, 0-உடன் 2 சேர்ந்தால் எஸ். ஃபோர்ட்ரான் என்ற பழைய புரோகிராம் மொழியில் எழுதிய கார்டில் முதல் பத்தியில் 12-ம் 3-ம் இருந்தால் அது ‘சி’. அந்தக் கார்டில் இருப்பது புரோகிராம் எழுதியவர் தனக்காகப் போட்ட குறிப்பு. முதலில் அந்தக் கார்டுகளைப் படியுங்கள், என்ன கணக்கு என்று பிடிபட்டுவிடும்.

கட்டாகக் கிடைத்தால் பிரிக்க அவசரப்படாதீர்கள். ரப்பர் பேண்டு உருகி ஒட்டியிருந்த ஒரு கட்டை நான் இழுத்துப் பிரித்தேன். கார்டுகள் தரையெல்லாம் சிதறின. நல்லவேளை, கட்டின் விளிம்பில் குறுக்காக ஒரு பேனாக்கோடு இருந்தது. கார்டு விழுந்தால் திரும்ப அடுக்குவதற்காக அந்தக் காலத்திலேயே இழுத்து வைக்கும் கோடு அது. கோடு சேரும்படி அடுக்கினேன், அரை நாள் போயிற்று. பிரிக்கும் முன் விளிம்பைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் பேண்டு, குண்டூசி, செலோடேப் மூன்றையும் கார்டின் பக்கம் விடாதீர்கள். தூசியை மெல்லிய பிரஷால் தட்டினால் போதும். ஈரத்துணி ஆகவே ஆகாது. மூடியுள்ள அட்டைப்பெட்டியில் நிற்கவைத்து, சுவரோடு ஒட்டாமல் அலமாரி நடுத்தட்டில் வையுங்கள். ஐப்பசி அடைமழை வரும் முன்னும் நின்ற பின்னும் ஒருமுறை திறந்து ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃப்ளாப்பி கிடைத்தாலும் வாங்கலாம், ஆனால் பூஞ்சை பிடித்ததைக் கார்டுப் பெட்டியில் சேர்க்காதீர்கள். யாரிடம் வாங்கினோம், எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் ஓடியது என்று தனித்தாளில் எழுதிக் கட்டோடு வையுங்கள். கொடுப்பவரிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். நான் அந்த சாரிடம் கேட்டது உளுந்து பற்றி மட்டும்தான்.